நிழலைத் தூக்கியபோது தெரிந்த கோடு

அன்று காலை எங்கள் போட்டோ லேபின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

கோயில் கமிட்டிச் செயலாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கூடுவாஞ்சேரியில் புதிதாக வந்த நகர் ஒன்றில் வீடு கட்டிக் குடியேறியவர். மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

போட்டோகிராபர். மாமல்லபுரத்துக்காரர். கல்யாணம், காதுகுத்து, ஹோட்டல் ரூம், கல் சிலை எல்லாம் எடுப்பார். என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

அச்சகத்து ஆள். கையில் பென் டிரைவோடு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

நான்.

முதலாளி இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று வேலூர் போயிருந்தார்.

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். நீளமாக எழுத வராது. அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரா பைல் பற்றி உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கு வகுப்பு கிடையாது. நான் இங்கே வந்தது போட்டோவுக்கு லேமினேஷன் போட. பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் அந்த வேலை குறைந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தேன். முதலாளி ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும்மா. மவுஸைப் புடி."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார்."

"மவுஸுக்கும் தெரியாது. புடி."

பிறகு சொன்னார்: "ரான்னா மாவு. ஜேபெக்னா இட்லி. மாவு கையில இருந்தா இட்லியும் ஊத்தலாம், தோசையும் ஊத்தலாம். இட்லி வெந்துட்டா வெந்ததுதான். அதனால ஊத்துறதுக்கு முன்னாடி பாரு."

அவ்வளவுதான் பாடம். இத்தனை வருடமும் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

கேமரா பார்த்ததையெல்லாம் ரா பைல் வைத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் இருந்ததையும் வைத்துக்கொள்ளும், இருட்டில் இருந்ததையும் வைத்துக்கொள்ளும். ஜேபெக் ஆக்கும்போது எது இருக்கட்டும், எது போகட்டும் என்று முடிவாகிறது. நீங்கள் முடிவு செய்யாவிட்டால் மெஷின் முடிவு செய்யும். கல்யாண வேலை வந்தால் எல்லாப் படத்துக்கும் ஒரே செட்டிங்கைப் போட்டு ஓடவிட்டு டீ குடிக்கப் போவோம். அதில் தப்பில்லை. ஒரு முறை அப்படிப் போய்விட்டு வந்தேன். இரண்டு கேமராவில் எடுத்த கல்யாணம். ஒரு கேமராவில் கடிகாரம் தப்பு. நேரப்படி அடுக்கி மாற்றியதில், தாலி கட்டி முடிந்த பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. பெண்ணுடைய அப்பா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "எங்க மாப்ள கொஞ்சம் அவசரக்காரரும்மா, உனக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். சிரிப்போடு போயிற்று.

எல்லா வேலையும் சிரிப்போடு போகாது. எந்த வேலையில் டீ குடிக்கப் போகக்கூடாது என்பது போகப் போகத்தான் தெரியும்.

அன்றைய வேலை ஒரு பிள்ளையார்.

செயலாளருடைய நகரில் கோயில் கட்டியிருந்தார்கள். கோபுர வேலை முடிந்து, கும்பாபிஷேகத் தேதியும் குறித்தாயிற்று. மூலவர் பிள்ளையார் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் தயாராகிக்கொண்டிருந்தார். கருங்கல். உட்கார்ந்த கோலம். நாலைந்து பேர் வேலை செய்கிற சின்னக் கூடம். அந்தச் சிற்பி அதுவரை ஹோட்டல் வாசலுக்கும் தோட்டத்துக்கும்தான் சிலை செய்து கொடுத்தவர். கருவறைக்குப் போகிற சிலை அவருக்கு இதுதான் முதல். இது நல்லபடி போய்ச் சேர்ந்தால் அந்தக் கோயிலின் நவக்கிரகமும் மற்ற சந்நிதிகளும் அவருக்குத்தான் என்று பேச்சு. போட்டோகிராபருக்கும் அவருக்கும் ஒரே தெரு.

கும்பாபிஷேக அழைப்புப் பத்திரிகை முகப்பில் பிள்ளையார் படம் வர வேண்டும். போட்டோகிராபர் முந்தின நாள் போய் எடுத்துவந்திருந்தார். மதியத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். என் வேலை ராவை ஜேபெக் ஆக்கிக் கொடுப்பது. சின்ன வேலை.

கருங்கல்லில் ஒரு சங்கடம் உண்டு. திரையில் அழகாக இருக்கும். அப்படியே அச்சுக்கு அனுப்பினால் மை ஊறி, மூக்கும் முழியும் தெரியாமல் கரித்துண்டு போல வந்து நிற்கும். அதனால் நிழலைக் கொஞ்சம் தூக்கித்தான் மாற்ற வேண்டும். ஷேடோ என்று இருக்கிறதே, அதை வலப்பக்கம் இழுப்பது. வழக்கமாக எவ்வளவு இழுப்பேனோ அவ்வளவு இழுத்தேன். நன்றாக வந்தது.

செயலாளர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. கண்ணு மட்டும் தெரியலயே. சாமி தூங்குத மாதிரில்லா இருக்கு."

"சார், கண்ணு இன்னும் தொறக்கல" என்றார் போட்டோகிராபர். "கோயிலுக்குக் கொண்டுபோயி வெச்ச பிறகுதான் தொறப்பாங்க. இப்ப மேலாக்கத்தான் இருக்கும்."

"அது எனக்கும் தெரியும். படத்துல கொஞ்சம் வரைஞ்சு விடலாம்லா? கம்ப்யூட்டர்ல எல்லாந்தான் செய்யுதாங்களே."

"கண்ணு தொறக்கறது சிற்பி வேல சார். அக்கா கையில உளிய குடுக்கச் சொல்றீங்களா?"

கதவோரம் நின்ற அச்சகத்து ஆள் சிரித்தார். செயலாளரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அவசரக்காரர், அவ்வளவுதான்.

"வரைய வேணாம் சார்" என்றேன். "கல்லுல எவ்ளோ இருக்கோ அவ்ளோ தெரியவைக்கிறேன்."

முகத்தைப் பெரிதாக்கினேன். கண் இருந்த இடம் நிழலில் இருந்தது. ஷேடோவைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக அவ்வளவு இழுக்க மாட்டோம். படம் வெளுத்து, புள்ளி புள்ளியாகிவிடும். கண்ணைப் பார்க்கத்தான் இழுத்தேன்.

கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, தும்பிக்கையின் பக்கவாட்டில் பாதி தூரம் இறங்கியிருந்தது. தலைமுடி கனம்.

செயலாளர் அப்போது போனில் யாரிடமோ பந்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போட்டோகிராபர் பார்த்துவிட்டார். என் நாற்காலியின் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தார்.

அடுத்த படத்தைத் திறந்தேன். கேமராவுக்குள் தூசியோ நூலோ இருந்தால், எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். பிள்ளையார் நகர்ந்தாலும் அது நகராது. இந்தக் கோடு பிள்ளையாரோடு நகர்ந்தது. இன்னொன்று திறந்தேன். அதிலும் கண்ணோரத்திலிருந்துதான் கிளம்பியது. எதிர்ப்பக்கமிருந்து விளக்கு அடித்த படங்களில் தெரியவில்லை. பக்கவாட்டில் அடித்த எல்லாவற்றிலும் தெரிந்தது.

ஆக, கேமராவில் இல்லை. சிலையில் இருக்கிறது. ஆனால் சிலையில் என்னவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கயிறு போட்டுத் தூக்கிய தடமாக இருக்கலாம். எண்ணெய் வழிந்ததாக இருக்கலாம். சிலந்தி நூலாகக்கூட இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். அந்த வேறொன்று இருந்தால் அந்தச் சிலையைக் கருவறையில் வைக்க மாட்டார்கள்.

போட்டோகிராபர் குனிந்து காதோரம் சொன்னார்.

"அக்கா, எறக்கிடு. எப்பவும் தூக்குற அளவு தூக்கி குடுத்துடு. அதுல ஒண்ணும் தெரியல."

"தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

"எங்க தெரு ஆளுக்கா. ஏழு மாசமா சோறு தண்ணி பாக்காம செஞ்சிகினு கீறாரு. நம்ம வேல படம் குடுக்கறதுதானே?"

அவர் சொன்னதும் சரிதான். எங்களைக் கேட்டது ஒரு படம். கல்லைப் பரிசோதிக்க யாரும் சொல்லவில்லை. ஷேடோவை நாலு விரற்கடை பின்னால் தள்ளினால் கோடு போய்விடும். பத்திரிகை அச்சாகிவிடும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

இதற்கு மாறாக, நான் வாயைத் திறந்து அது வெறும் நூலாக இருந்துவிட்டால்? செய்தி கூடுவாஞ்சேரி போவதற்குள் பின்னமான சிலை என்று ஆகிவிடும். பிறகு அந்த மனிதரிடம் யாரும் ஒரு அம்மிக்கல்கூடக் கொத்தக் கொடுக்க மாட்டார்கள்.

உங்களுக்கு இப்படி ஒரு நிமிடம் வரும். சிலை இல்லாவிட்டால் வேறு ஏதாவது வரும். அப்போது கை மவுஸில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

செயலாளர் போனை வைத்தார்.

"முடிஞ்சுதாம்மா? பிரஸ்காரர் நிக்காரு பாருங்க."

"இல்ல சார். இத இப்ப மாத்திக் குடுக்க முடியாது."

"ஏன்?"

"ஒரு கோடு தெரியுது. படத்துலயா, கல்லு மேலயா, கல்லுலயான்னு எனக்குத் தெரியாது. செஞ்சவரு பாத்து சொல்லட்டும்."

திரையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"விரிசலா?"

"நான் அப்பிடி சொல்லல சார். கோடுன்னேன்."

"என்னம்மா சொல்லுதீங்க? தேதி வச்சாச்சு. இது விரிசலா இல்லயான்னு மட்டும் சொல்லுங்க."

"கோடு சார்."

இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். மனதில் தோன்றுவதைச் சொல்லாதீர்கள். கோடு தெரிந்தால் கோடு. அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால், அந்த வார்த்தை எனக்கு முன்னால் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

போட்டோகிராபரிடம் நம்பர் வாங்கிச் சிற்பிக்குப் போன் போட்டு, லேபிலிருந்து பேசுகிறேன் என்றேன். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் போட்டேன். ஒளித்துப் பேச எதுவும் இல்லை. பின்னால் கல் கொத்துகிற சத்தம் கேட்டது.

"இன்னாம்மா?"

"பிள்ளையார் படத்துல ஒரு கோடு தெரியுதுண்ணா. எடது கண்ணோரத்துல இருந்து தும்பிக்கைல பாதி வரைக்கும்."

கொத்துகிற சத்தம் தூரமானது. தள்ளி வந்துவிட்டார்.

"கமிட்டிக்காரரு கீறாரா அங்க?"

"இருக்கார். கேட்டுகினுதான் இருக்கார்."

"அவரையும் கூட்டிகினு வா. படத்தப் பாத்து நான் இன்னா சொல்றது? கல்லாண்ட வந்து பாக்கலாம்."

அச்சகத்து ஆள் அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார். "நீங்க போயிட்டு வாங்க. மெஷின்ல நான் வேற வேல ஓட்டிக்கிறேன்" என்றார். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் அவசரம் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அந்த மனிதரை நான் பிறகு பார்க்கவே இல்லை. நன்றி சொல்லாமல் விட்டது இன்னும் மனதில் இருக்கிறது.

செயலாளரின் காரில் போனோம். நான் பின் சீட்டில், மடியில் லேப்டாப். போட்டோகிராபர் தன் பைக்கில் முன்னால் போனார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் செயலாளர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தச் சிற்பிய கமிட்டிக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தாம்மா. பெரிய கூடமாப் பாருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் இவர் கை வேலையப் பாத்துட்டு இவரேன்னு நின்னேன்."

"ம்."

"உங்க கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுமா?"

"காட்டும் சார்."

"அப்ப தப்பாவே காட்டட்டும்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிற்பக்கூடத்தில் பிள்ளையார் தகரக் கூரைக்கு வெளியே, வெயிலில் இருந்தார். சிற்பிக்குப் புருவம் முழுக்கக் கல்தூள். முதலில் லேப்டாப்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இது எப்பிடி தெரியுது?"

"இருட்டா இருந்தத தூக்கினேன்."

"தூக்காம காட்டு."

இறக்கினேன். கோடு போனது.

"தூக்கு."

தூக்கினேன். வந்தது.

தலையாட்டிவிட்டு எழுந்து பிள்ளையாரிடம் போனார். நாங்களும் போனோம். நான் காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று கருங்கல். கிட்டே போய்ப் பார்த்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிற்பி கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே கீறிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. சின்னச் சுத்தியால் தும்பிக்கையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"ஓச நல்லாத்தான் கீது."

செயலாளர் பெருமூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, எனக்கு இல்ல, உங்க கம்ப்யூட்டருக்குத்தான் கண்ணாடி போடணும் போலருக்கு. காலைல இருந்து என் உயிரே போயிட்டு."

போட்டோகிராபர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் பாரம் இறங்கியது. சந்தோஷமாகவே இருந்தது.

சிற்பி சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். வாங்குகிறவருக்குத் திருப்தி. சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். ஓசையும் நன்றாக இருந்தது. "படத்துல ஏதோ கோளாறு, போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை போதும். நம் தொழிலில் எத்தனை பேர் எத்தனை முறை படத்தின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரியும். கருப்பாக இருந்தால் படம் சரியில்லை. குண்டாக இருந்தால் படம் சரியில்லை. எல்லாவற்றுக்கும் படம்தான்.

அவர் வேலையாட்களைப் பார்த்துக் கை தூக்கினார். உளிச்சத்தம் நின்றது.

"ஒரு கொடம் தண்ணி எடுத்தா."

தண்ணீர் வந்தது. பிள்ளையாரின் தலையில் அவரே ஊற்றினார். முழுக் குடத்தையும் ஊற்றினார். தோளில் கிடந்த துண்டால் தும்பிக்கையை ஒத்தி எடுத்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப இன்னாண்ணாத்த?" என்றார் போட்டோகிராபர்.

"காயட்டும்."

நல்ல வெயில். வயிறு முதலில் காய்ந்தது. பிறகு நெற்றி. காது மடல்கள். ஈரத்தில் கறுத்திருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. வேலையாட்களும் வந்து நின்றுவிட்டார்கள். தும்பிக்கை மேலிருந்து கீழே காய்ந்துகொண்டு வந்தது. முழுக்கக் காய்ந்தது.

கண்ணோரத்திலிருந்து தும்பிக்கையில் பாதி வரை ஒரு கோடு மட்டும் காயவில்லை. கறுப்பாக நின்றது. தலைமுடி கனம்.

சிற்பி எழுந்து துண்டின் காய்ந்த பக்கத்தால் அதை அழுத்தித் துடைத்தார். காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கறுத்தது.

"உள்ள குடிச்சிகினு கீது" என்றார்.

செயலாளர்தான் முதலில் கேட்டார்.

"சின்னக் கோடுதான? மேல ஏதாவது பூசிட்டா?"

"பூசலாம். தெரியாது. தெனம் அபிசேகம் பண்ணுவீங்க இல்ல? தண்ணி, பாலு, எண்ண எல்லாம் உள்ள பூந்துகினே இருக்கும். எப்போன்னு சொல்ல முடியாது. ஒரு நாளு ஐயரு தொடைக்கறப்போ தும்பிக்க கையோட வந்துடும்."

"ஏழு மாசமா கை வச்சிட்டு இருக்கீங்களே. உங்களுக்குத் தெரியலயா?"

"தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். குவாரியில் வெட்டும்போது வந்தது, லாரியில் வரும்போது வந்தது என்று எதுவும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த சாக்கை எடுத்துவந்து பிள்ளையாரின் மேல் போட்டார். போடும்போது ஒரு கையால் தும்பிக்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு இன்னும் தொறக்கல" என்றார். "அதனால இது கல்லுதான். சாமி ஆவல. உங்களுக்கு தோஷம் ஒண்ணும் இல்ல. அந்த பயம் வேணாம்."

"கும்பாபிஷேகத்துக்கு நான் என்ன செய்ய? ஊரெல்லாம் சொல்லியாச்சு. நகர்ல எல்லாரும் என்னத்தான கேப்பாங்க?" செயலாளருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்கள நம்பி இன்னொரு கல்ல எப்படிக் கொடுக்க?"

"குடுக்கணும்னு நான் கேக்கலயே. கமிட்டியில கேளு. வேற எடத்துக்குன்னு சொன்னா, நல்ல எடம் நானே காட்டறேன்."

செயலாளர் காருக்குப் போய்விட்டார். நானும் எழுந்தேன். இந்த மனிதரின் முதல் கோயில் சிலையை நான்தான் ஒரு மவுஸால் படுக்க வைத்தேன் என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யம்மா" என்று கூப்பிட்டார்.

நின்றேன்.

"போன்ல இன்னா சொன்ன? கோடுன்னு சொன்ன. வேற வார்த்த சொல்லல இல்ல?"

"சொல்லலண்ணா."

"அதுக்குத்தான் வரச்சொன்னேன். வேற வார்த்த சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டுகினே இத அனுப்பியிருப்பேன்."

பிறகு வேலையாளைக் கூப்பிட்டு, எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன். ஏழு மாத வேலை சாக்குக்குள் கிடந்தது. அந்த நேரத்தில் எனக்கு மோர் கொடுத்தார். ஓய்வு பெறுகிற வரை எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், சால்வை போட்டிருக்கிறார்கள். அந்த மோர் மாதிரி எதுவும் இல்லை.

லேபுக்குத் திரும்பியதும் முதலாளிக்குப் போனில் சொன்னேன். "ரா பத்திரமா கீதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி. வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். ஒரு வாடிக்கை போய்விட்டதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாராட்டவும் இல்லை. அவரிடம் அது எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் செயலாளர் போன் செய்தார். குரலில் கோபம் போகவில்லை.

"ஞாயித்துக்கெழம கமிட்டி கூடுது. எனக்கு ரெண்டு படம் வேணும்மா. கோடு தெரியுதது ஒண்ணு, தெரியாதது ஒண்ணு. ஒரே அளவுல."

"தெரியாதது எதுக்கு சார்?"

"கேட்டதக் கொடுங்கம்மா."

ஒரே ராவிலிருந்து இரண்டு ஜேபெக் செய்தேன். ஒன்றில் ஷேடோ கடைசி வரை. ஒன்றில் வழக்கமான அளவு. வேறு எதையும் தொடவில்லை. கோட்டை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கலாமா என்று கை போயிற்று. வேண்டாம் என்று விட்டேன். தெளிவாக்கினால் அது என் கோடாகிவிடும். இரண்டு படத்துக்கும் கீழே எதுவும் எழுதவில்லை. பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மீன் வாங்கினேன், ஆய்ந்தேன், குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்தேன். என் வீட்டுக்காரர் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரியும்.

சாயங்காலம் போன் வந்தது. செயலாளர்தான்.

"கூட்டம் முடிஞ்சுதும்மா. ஒரே சத்தம். ஏழு மாசம் பாக்காதவன்கிட்ட மறுபடியுமான்னு ஒருத்தர் எழுந்து கத்துதாரு. பெரிய கூடத்துல ரெடியாவே சிலை இருக்கு, வாங்கிட்டு வந்து வச்சிரலாம், தேதிய மாத்த வேண்டாம்னு இன்னொருத்தர்."

போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் ரெண்டு படத்தையும் கைமாத்தி விட்டேன். கோடில்லாதத காட்டி, இதுதான் வழக்கப்படி நமக்கு வந்திருக்க வேண்டிய படம், மத்ததக் காட்டி, இதுதான் வந்த படம்னு சொன்னேன். இதுல கோடு எங்கன்னு தெரியாத படத்த வச்சிட்டுத் தேடுதாங்க. இல்லன்னேன். அப்புறம் நின்னு பாத்தத சொன்னேன். நகத்தால கீறிப் பாத்தாரு, தட்டிப் பாத்தாரு, ஒண்ணுமில்ல, நான் சிரிச்சிட்டேன், வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அவர்தான் தண்ணி கேட்டாருன்னு சொன்னேன்."

"ம்."

"ஒரு அம்மா கேட்டாங்க, தண்ணி ஊத்தாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு. ஒண்ணும் ஆயிருக்காது, அடுத்த மாசம் கும்பாபிஷேகப் பொங்கல் சாப்பிட்டிருப்போம்னு சொன்னேன். அப்புறம் தேதிய தள்ளி வச்சு, அடுத்த கல்லையும் அவர்கிட்டயே கொடுக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்கன்னு கேட்டேன்."

அடுப்பை அணைத்தேன்.

"எத்தன பேர் சார் வந்திருந்தாங்க?"

"என்னையும் சேத்து இருபத்தாறு."

"தூக்கினவங்க?"

"இருபத்து மூணு."